உங்கள் நண்பருக்கு உங்களைவிட நண்பர்கள் அதிகம்

சமூக வலைப்பின்னல் ஆய்வு என்கிற பாடத்தை எந்த நாட்டில் எடுத்துப் படித்தாலும், முதல் சில வகுப்புகளுக்குள் மாணவர்கள் ஒரு கராத்தே சங்கத்தைச் சந்தித்துவிடுவார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயங்கிய சங்கம் அது. வெய்ன் சக்கரி என்ற மானுடவியல் ஆய்வாளர் 1970 முதல் 1972 வரை அதைக் கூடவே இருந்து கவனித்தார். பயிற்சி நேரத்துக்கு வெளியேயும் ஒருவரோடொருவர் பழகிய 34 பேரை எடுத்துக்கொண்டார். யார் யார் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள், வளாகத்துக்கு எதிரே இருந்த மதுக்கூடத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள், போட்டிகளுக்கு யார் யார் போகிறார்கள் என்று குறித்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு புள்ளி, பழக்கத்துக்கு ஒரு கோடு. மொத்தம் 34 புள்ளிகள், 78 கோடுகள்.

அவர் கவனித்துக்கொண்டிருந்த காலத்திலேயே சங்கத்துக்குள் தகராறு மூண்டது. பயிற்சிக் கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்றார் பயிற்றுநர். கூடாது என்றார் சங்கத் தலைவர். பேச்சு முற்றிப் பயிற்றுநரை நீக்கினார்கள். அவருடைய ஆதரவாளர்கள் வெளியேறித் தனிச் சங்கம் கண்டார்கள். நம் ஊர்ச் சங்கங்களில் பார்க்காத கதையா என்று தோன்றும். சக்கரி கேட்ட கேள்விதான் புதிது. யார் எந்தப் பக்கம் போவார் என்பதை, கொள்கை, குணம் எதையும் பாராமல், யார் யாரோடு பழகினார் என்ற வரைபடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? பயிற்றுநருக்கும் தலைவருக்கும் நடுவே செய்தி எந்தெந்த வழிகளில் போய்ச்சேரும், அந்த வழிகள் எங்கே மிகக் குறுகலாக இருக்கின்றன என்று கணக்கிட்டு, அந்த இடத்தில் வரைபடத்தை இரண்டாக வெட்டினார். 34 பேரில் 33 பேர் கணக்கு சொன்ன பக்கமே போயிருந்தார்கள். 1977இல் இது கட்டுரையாக வந்தது.

இன்று மாணவர்கள் இதைச் செய்ய ஒரு நொடிகூட ஆவதில்லை. பைத்தான் மொழியின் நெட்வொர்க்எக்ஸ் தொகுப்பில் இந்தச் சங்கம் உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு வரி எழுதினால் 34 புள்ளிகளும் திரையில் வந்து நிற்கும். 2002இல் மிஷெல் கிர்வனும் மார்க் நியூமனும் கூட்டத்துக்குள் குழுக்களைக் கண்டுபிடிக்கத் தாங்கள் வகுத்த முறையை இதில்தான் சோதித்துக் காட்டினார்கள். அதன்பின் யார் புதிய முறை வகுத்தாலும் முதலில் இந்தச் சங்கத்தில் ஓட்டிப்பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இத்துறை மாநாடுகளில் இந்த எடுத்துக்காட்டை முதலில் காட்டுகிற பேச்சாளருக்கு ஒரு கோப்பையே கொடுக்கிறார்கள்.

கணக்கு பலித்த 33 பேரைவிடப் பலிக்காத அந்த ஒருவர்தான் மாணவர்கள் மனத்தில் தங்குகிறார். வரைபடத்தில் அவர் 9ஆம் எண். தலைவரின் பக்கம் லேசாகச் சாய்ந்தவர். ஆனால் பயிற்றுநரின் புதிய சங்கத்துக்குப் போனார். ஏன்? கறுப்புப் பட்டைத் தேர்வுக்கு அவருக்கு மூன்றே வாரங்கள் இருந்தன. தலைவர் தரப்பு வேறு கராத்தே முறைக்கு மாறப்போவதாக முடிவெடுத்திருந்தது. அங்கே போனால் வெள்ளைப் பட்டையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இது எந்தக் கோட்டிலும் இல்லை. சக்கரி கூட இருந்ததால், கேட்டுத் தெரிந்துகொண்டதால் மட்டுமே நமக்குத் தெரியும். கணினி காட்டுவது எவ்வளவு, ஆளைப் போய்ப் பார்த்தால்தான் தெரிவது எவ்வளவு என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒரு பாடம் சொல்லித்தர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து வந்தது சொந்த வரைபடம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லாடா ஆடமிக் 2012இல் இணையவழியில் நடத்திய பாடத்தில், மாணவர்கள் தங்கள் ஃபேஸ்புக் நண்பர் பட்டியலை இறக்கி, கெஃபி என்ற இலவச மென்பொருளில் படமாக்கினார்கள். படம் விரியும்போது நடந்தது ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். பள்ளி நண்பர்கள் ஒரு கொத்து. கல்லூரி இன்னொரு கொத்து. சொந்தக்காரர்கள் நெருக்கமாகப் பின்னிய மூன்றாவது கொத்து. வேலையிடம் தனியே ஒதுங்கி நிற்கும். மென்பொருளுக்கு யார் அத்தை, யார் வகுப்புத் தோழன் என்று ஒருவரும் சொல்லவில்லை. யாரை யாருக்குத் தெரியும் என்பதை வைத்தே அது நம் வாழ்க்கையை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து வைத்துவிடுகிறது. இரண்டு கொத்துகளுக்கு நடுவே யாராவது ஒருவர் தனியாக நிற்பார். பள்ளியில் கூடப் படித்து, பிறகு நம் அலுவலகத்திலேயே சேர்ந்தவராக இருக்கலாம். அவரை நீக்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் துண்டாகிவிடும். பல ஆண்டுகளாகப் பேசாத ஒருவர் நம் வரைபடத்தில் இத்தனை முக்கியமான இடத்தில் இருப்பதைப் பார்த்தால், அன்று மாலையே அவருக்கு ஒரு போன் போடத் தோன்றும்.

இந்தப் பாடத்தில் மாணவர்களை நிமிர்ந்து உட்காரவைக்கும் செய்தி ஒன்று உண்டு. உங்கள் நண்பர்களுக்குச் சராசரியாக உங்களைவிட அதிக நண்பர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவருக்கும் அப்படித்தான், வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கும் அப்படித்தான். கேட்டவுடன் தவறு என்றே தோன்றும். எல்லாரும் எப்படிச் சராசரிக்குக் கீழே இருக்க முடியும்?

ஒரு தாள் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் கொண்ட சிறு கூட்டம். கயல்விழிக்கு மற்ற நால்வரும் நண்பர்கள். முருகனும் ஆயிஷாவும் தமக்குள்ளும் நண்பர்கள். ஜானுக்கும் செல்விக்கும் கயலைத் தவிர வேறு யாரும் இல்லை. நண்பர் எண்ணிக்கை: கயல் 4, முருகன் 2, ஆயிஷா 2, ஜான் 1, செல்வி 1. மொத்தம் 10, ஆளுக்குச் சராசரி 2. இப்போது ஒவ்வொருவரும் தம் நண்பர்களின் எண்ணிக்கையை எழுதட்டும். முருகனின் நண்பர்கள் கயலும் ஆயிஷாவும்; 4, 2, சராசரி 3. அவருக்கோ 2தான். ஆயிஷாவுக்கும் அதே கதை. ஜானுக்கு ஒரே நண்பர், அவருக்கு 4 பேர். செல்விக்கும் அப்படியே. கயல் ஒருவருக்கு மட்டும் நண்பர்களின் சராசரி ஒன்றரை. ஐந்து பேரில் நான்கு பேர் தம் நண்பர்களைவிடக் குறைந்தவர்களாகிவிட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

காரணம் எளிது. கயலின் பெயர் நான்கு பட்டியல்களில் வருகிறது. செல்வியின் பெயர் ஒன்றில்தான் வருகிறது. நண்பர்கள் அதிகம் உள்ளவர் அத்தனை பேருடைய பட்டியலிலும் இடம்பிடிக்கிறார். நண்பர்கள் குறைந்தவர் யாருடைய கணக்கிலும் அதிகம் சேருவதில்லை. ஆகவே ‘என் நண்பர்கள்’ என்று எண்ணும்போதெல்லாம் நாம் பரவலாகப் பழகுபவர்களைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறோம். ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991இல் இதை விளக்கி எழுதினார். ஜேம்ஸ் கோல்மன் 1961இல் வெளியிட்ட அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆய்வின் தரவுகள் அவருக்குக் கைகொடுத்தன. கராத்தே சங்கத்திலும் இதைச் சரிபார்க்கலாம். 34 பேருக்கு ஆளுக்குச் சராசரி 4.6 தொடர்பு. நண்பர் பட்டியல்கள் அனைத்தையும் சேர்த்து எண்ணினால் சராசரி 7.8. பயிற்றுநரையும் தலைவரையும் மட்டுமே முறையே 16 பட்டியல்களிலும் 17 பட்டியல்களிலும் எண்ணிவிடுகிறோம். 12ஆம் எண்காரருக்கு ஒரே கோடுதான்; அது பயிற்றுநரிடம் போகிறது. தன் நண்பருக்கு 16 பேர், தனக்கு ஒருவர்!

ஃபேஸ்புக்கின் 72 கோடி பயனாளர்களை வைத்து 2011இல் இதே கணக்கைப் போட்டார்கள். ஒருவருக்குச் சராசரியாக 190 நண்பர்கள். நண்பர்களுடைய நண்பர்களின் சராசரி 635. நூற்றுக்கு 93 பேருக்குத் தம் நண்பர்களின் சராசரியைவிடக் குறைவு. நட்பில் மட்டும் இது நிற்பதில்லை. ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்களிடம் பார்த்தாலும், உடன் எழுதியவர்களின் கட்டுரைகள் சராசரியாக அதிக மேற்கோள் பெற்றிருப்பதை 2014இல் காட்டினார்கள்.

பத்தொன்பது இருபது வயதில் இதைத் தெரிந்துகொள்வது சாதாரண விஷயமில்லை. கைபேசியைத் திறந்தால் மற்றவர்கள் எல்லாரும் கூட்டமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், நாம் மட்டும் ஒதுங்கி இருக்கிறோம் என்ற எண்ணம் அந்த வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேரை வாட்டுகிறது! அது அவர்களுடைய குறையால் வரும் எண்ணம் என்று அவர்கள் நம்புகிறார்கள். அதில் ஒரு பகுதி கூட்டல் கழித்தலில் இருந்து வருகிறது. என்னைக் கேட்டால், வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இதற்காகவே இந்தப் பாடத்தை எல்லாக் கல்லூரிகளிலும் வைக்கலாம் என்பேன்.

இந்த நண்பர் கணக்கை வைத்து ஒரு கொள்ளைநோயை முன்கூட்டியே பிடித்த கதையும் உண்டு. 2009ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். பன்றிக்காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நிக்கலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபவுலரும் குருட்டாம்போக்கில் 319 மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களிடம் நண்பர்களின் பெயர்களைக் கேட்டார்கள். அப்படிக் கிடைத்த 425 நண்பர்களை இரண்டாவது குழுவாக வைத்துக்கொண்டார்கள். இரண்டு குழுக்களிலும் யாருக்கு எப்போது காய்ச்சல் வருகிறது என்று கவனித்தார்கள். பெயர் சொல்லப்பட்ட நண்பர்கள் குழுவில் நோய் ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. நண்பராகச் சொல்லப்படுபவர் பரவலாகப் பழகுபவராக இருக்க வாய்ப்பு அதிகம். பரவலாகப் பழகுபவரிடம் கிருமி சீக்கிரம் வந்து சேரும். பல்கலைக்கழகத்தின் முழு வரைபடமும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ‘உன் நண்பர் யார்?’ என்ற கேள்வி போதுமானதாக இருந்தது. இரண்டு வாரம் முன்னால் தெரிந்தால் ஒரு மருத்துவமனை எவ்வளவு தயாராக முடியும் என்பதைக் கொரோனாவைக் கண்ட தலைமுறைக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நட்பு என்றால் இரண்டு பக்கமும் இருக்கும் என்று இதுவரை எடுத்துக்கொண்டோம். அதுவும் உறுதியில்லை. ஒரே பாடத்தில் சேர்ந்து படித்த 84 மாணவர்களிடம், மற்ற ஒவ்வொருவரும் உனக்கு எவ்வளவு நெருக்கம் என்று மதிப்பெண் போடச் சொன்னது ஓர் ஆய்வு, 2016இல் வெளியானது. அவரும் என்னை நண்பராகவே நினைப்பார் என்று 94 சதவீத நட்புகளில் எதிர்பார்த்தார்கள். உண்மையில் இருபுறமும் ஒத்துப்போனவை 53 சதவீதம். இதை வகுப்பில் சொல்லும்போது யாரும் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. கோட்டுக்கு அம்புக்குறி போட வேண்டுமா, எத்திசையில் போட வேண்டும் என்பது ஏதோ வரைகலை விவகாரம் என்று நினைத்திருந்த மாணவருக்கு, அதற்குள் இவ்வளவு மனவருத்தம் ஒளிந்திருக்கிறது என்று அப்போது தெரிகிறது.

இறுதியாண்டு மாணவர்களுக்கு அக்கறையானது வேலை. மார்க் கிரானோவெட்டர் அமெரிக்காவின் நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களைப் பேட்டி கண்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கக்காரர் வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருகிறார். இதை 1969இல் ஒரு முன்னணி இதழ் ஏற்க மறுத்தது. 1973இல் வேறோர் இதழில் வெளியாகி, சமூகவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றாயிற்று. லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடிப் பயனாளர்களிடம் ஐந்து ஆண்டுகள் நடத்திய சோதனைகள் 2022இல் வெளிவந்தன. ரொம்ப நெருக்கமும் இல்லாமல் ரொம்பத் தூரமும் இல்லாமல் நடுவில் இருக்கும் பழக்கமே வேலைக்கு அதிகம் உதவுகிறது என்று அவை காட்டின.

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தையும் இங்கே விட்டுவிட மனமில்லை. 15ஆம் நூற்றாண்டில் மெதிச்சி குடும்பம் அந்நகரை எப்படிக் கைக்குள் கொண்டுவந்தது? போட்டிக்கு இருந்த ஸ்ட்ரோட்சி குடும்பத்திடம் பணம் அதிகம். ஜான் பேட்ஜெட்டும் கிறிஸ்டோபர் ஆன்செல்லும் 1993இல் எழுதிய கட்டுரையில் அக்குடும்பங்களின் திருமண உறவுகளை வரைந்துகாட்டினார்கள். மெதிச்சிக்கு ஆறு சம்பந்தங்கள், ஸ்ட்ரோட்சிக்கு நான்கு. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஏதேனும் இரண்டு குடும்பங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழிகளைக் கணக்கெடுத்தால், பாதிக்கு மேல் மெதிச்சி வழியாகப் போகின்றன. ஸ்ட்ரோட்சி வழியாகப் போவது பத்தில் ஒன்று. சம்பந்தம் எத்தனை என்பதைவிட, அது எங்கே கொண்டுபோய் இணைக்கிறது என்பது முக்கியம். கல்யாணத் தரகர்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இவ்வளவு சக்தி உள்ள கருவி ஆளைக் காயப்படுத்தவும் செய்யும். நல்ல ஆசிரியர் இதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குவார். லார்ஸ் பேக்ஸ்ட்ராமும் ஜான் கிளைன்பெர்கும் 13 லட்சம் ஃபேஸ்புக் பயனாளர்களின் வரைபடங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு செய்தியைக்கூடப் படிக்காமல், கோடுகளின் வடிவத்தை மட்டும் பார்த்து, திருமணமானவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்கு அவர்களுடைய துணை யார் என்று சரியாகச் சொன்னார்கள். கணவனின் அலுவலக நண்பர்களையும், பள்ளி நண்பர்களையும், உறவினர்களையும், அதாவது ஒருவரையொருவர் அறியாத இந்தக் கொத்துகள் அனைத்தையும் அறிந்திருப்பவர் மனைவி மட்டுமே. அது வடிவத்தில் தெரிந்துவிடுகிறது. நாம் மறைத்ததாக நினைப்பதை நம்மைச் சுற்றியிருப்பவர்களின் கோடுகள் சொல்லிவிடுகின்றன.

மாணவர்கள் தம் நண்பர் பட்டியலை இறக்கிக்கொண்ட அதே வாசல் வழியாக வேறு ஆட்களும் நுழைந்தார்கள். ஏறக்குறைய 2,70,000 பேர் மட்டும் நிறுவிய ஒரு வினாடிவினா செயலி, அவர்களுடைய நண்பர்கள் வழியே 8.7 கோடிப் பேர் வரையிலான விவரங்களைத் திரட்டி, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்திடம் சேர்த்தது. ஃபேஸ்புக் 2015 ஏப்ரலில் அந்த வாசலை அடைத்தது. சொந்த வரைபடத்தை இறக்கிப் பார்க்கும் பயிற்சியும் அத்தோடு போயிற்று. எனக்கு அந்த இழப்பில் வருத்தம் உண்டு. அடைத்தது சரி என்பதில் சந்தேகமும் இல்லை. என் பட்டியலில் உள்ள கோடு என்னுடையது மட்டுமில்லையே. மறுமுனையில் இருப்பவர் சம்மதித்தாரா? வகுப்பிலேயே மாணவர்களின் நட்பு வரைபடத்தை வரைந்து சுவரில் காட்டினால், ஒரு கோடும் இல்லாத மாணவி ஒருத்தி அன்று என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்? பெயருக்குப் பதில் எண் போடுவது குறைந்தபட்ச மரியாதை. சிறு கூட்டத்தில் எண்ணை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

நம் பக்கத்திலும் இந்த ஆய்வுக்கு நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. எலினார் பவர் என்ற மானுடவியலாளர் தமிழ்நாட்டின் இரண்டு கிராமங்களில் தங்கி, உதவி வேண்டுமானால் யாரிடம் போவீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். தவறாமல் கும்பிடப் போகிறவர்களுக்கும், தீமிதி போன்ற கடும் நேர்த்திக்கடன்களைச் செலுத்துகிறவர்களுக்கும் உதவும் உறவுகள் அமையும் வாய்ப்பு கூடுதல் என்று 2017இல் எழுதினார். கர்நாடகத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, அருண் சந்திரசேகர், மேத்யூ ஜாக்சன் ஆகியோர் கிராமத்தாரிடம் கேட்ட கேள்வி இன்னும் எளிது. ஊருக்கெல்லாம் ஒரு சேதி பரவ வேண்டுமானால் யாரிடம் சொல்லலாம்? மக்கள் சொன்ன பெயர்கள், முழு வரைபடத்தையும் வரைந்து கணக்கிட்டால் மையத்தில் வரும் ஆட்களின் பெயர்களாகவே பெரும்பாலும் இருந்தன. அவர்களிடம் சேதி சொன்ன ஊர்களில் அது அதிகம் பேரிடம் போய்ச் சேர்ந்தது. ஊர் வரைபடம் ஊர்க்காரர் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

இந்தியாவில் இந்தப் பாடம் பெரும்பாலும் கணினித் துறையிலேயே முடங்கிக்கிடக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் புள்ளிகளைப் பார்க்கிறார்கள்; அந்தப் புள்ளிகளாக இருக்கும் மனிதர்களிடம் போய்ப் பேசிப் பழகியவர்கள் சமூகப்பணி, செவிலியர் பயிற்சி, வேளாண் விரிவாக்கம், பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள். தடுப்பூசி முகாமுக்கு யாரை முதலில் அழைப்பது, புதிய நெல் ரகத்தை எந்த விவசாயியிடம் முதலில் கொடுப்பது என்று நாளை முடிவெடுக்கப்போகிறவர்கள் அவர்கள்தான். இத்துறைகளின் பேராசிரியர்கள் அடுத்த பருவத்திலேயே இதை ஒரு விருப்பப்பாடமாகக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மென்பொருள் இலவசம், பழைய தரவுகள் இலவசம், முதல் இரண்டு வாரங்களுக்குத் தாளும் பென்சிலும் போதும்.